வன்தட்டின் வளர்ச்சியும் நம்பகமும்

தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம். பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையின் முதியோர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஏறத்தாழ பத்தாண்டுகள் தோட்டம் தோட்டமாகச் சென்று ஒலிப்பதிவு செய்தவர் அவர். பழைய நாடாக்களில் இருந்தவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றி, எல்லாவற்றையும் உள்ளங்கையளவு வன்தட்டு ஒன்றில் சேர்த்து, பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார். ஒருநாள் அதைக் கணினியில் இணைத்தபோது கோப்புகள் தோன்றவில்லை. 'டிக், டிக்' என்னும் ஒலி மட்டும் உள்ளிருந்து கேட்டது. பழுது பார்ப்போர் கைவிரித்துவிட்டனர். பாடிக் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

அவர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. பத்து இலட்சம் மணி நேரம் என்று விவரத்தாளில் போட்டிருந்தார்களே, அது பொய்யா?"

அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. அது பொய்யன்று, ஆனால் ஆசிரியர் பொருள் கொண்டவாறு அது எந்த உறுதிமொழியையும் தரவில்லை என்பதே முழு விடையின் சுருக்கம். அதை விளங்கிக்கொள்ள, வன்தட்டு எவ்வளவு விரைவாக வளர்ந்தது என்பதை முதலில் காண வேண்டும். ஏனெனில், அந்த விரைவிலேயே நம்பகத்தைப் பற்றிய சிக்கலும் அடங்கியுள்ளது.

ஒரு டன் எடையில் ஐம்பது இலட்சம் எழுத்து

1956ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஐபிஎம் நிறுவனம் 'ராமாக்' என்னும் கணினி அமைப்பை அறிவித்தது. அதன் உறுப்பாகிய 'ஐபிஎம் 350' என்பதே உலகின் முதல் வன்தட்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு அதனை உருவாக்கியது. ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள்; இன்றைய கணக்கில் நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அது போதாமல் போகலாம்.

வன்தட்டு இயங்கும் அடிப்படை அன்று முதல் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன் மேலே, தட்டைத் தொடாமல், எழுதவும் படிக்கவும் வல்ல சிறு முனை ஒன்று நகர்கிறது. தட்டின் ஒரு நுண்பகுதியை ஒரு திசையில் காந்தமாக்கினால் அது பூச்சியம். எதிர்த் திசையில் காந்தமாக்கினால் அது ஒன்று. இவ்வாறு பதியும் ஓர் அலகே 'பிட்'.

முனை தட்டைத் தொடாமல் இருப்பதே இக்கருவியின் உயிர்நாடி. முதல் வன்தட்டில் அழுத்தக் காற்றைச் செலுத்தி முனையைத் தூக்கி நிறுத்தினார்கள். 1961இல் அறிவிக்கப்பட்ட 'ஐபிஎம் 1301' முதலாக, தட்டின் சுழற்சி எழுப்பும் காற்றிலேயே முனை மிதக்கத் தொடங்கியது. 1973இல் வந்த 'ஐபிஎம் 3340' தட்டுகளையும் முனைகளையும் ஒரே உறைக்குள் வைத்து மூடியது. முப்பது மெகாபைட் கொண்ட இரு பகுதிகளாக அதனைத் திட்டமிட்டிருந்தமையால், புகழ்பெற்ற '30-30' துப்பாக்கியின் நினைவாக அதற்கு 'வின்செஸ்டர்' என்று பெயரிட்டனர். தூசி புகாத அந்த உறை நம்பகத்தைப் பெரிதும் உயர்த்தியது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு வன்தட்டும் அந்த வடிவமைப்பின் வழித்தோன்றலே.

1980இல் இன்றைய சீகேட் நிறுவனம், ஐந்தேகால் அங்குல அளவில், ஐந்து மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டை வெளியிட்டது. ஒரு டன் எடை மேசைக்கணினிக்குள் அடங்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு வளர்ச்சி பாய்ச்சலாயிற்று.

நெருக்கி எழுதும் கலை

வன்தட்டின் வளர்ச்சியை அளக்கும் கோல், ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பிட்டுகளை எழுத முடிகிறது என்பதாகும். 1956இல் அது 2,000. இன்று அது இலட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதாவது ஐம்பது கோடி மடங்கு. பனையோலையில் ஓர் எழுத்து எழுதிய இடத்தில் ஐம்பது கோடி எழுத்துகளை எழுதுவதற்கு இது நிகர்.

இவ்வளர்ச்சி ஒரே சீராக நிகழவில்லை. 1990களில் இந்த அடர்த்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. அந்த வேகத்தில் ஒன்றரை ஆண்டில் கொள்ளளவு இரட்டிப்பாகும். அப்பத்தாண்டின் இறுதியில் ஆண்டுதோறுமே ஏறக்குறைய இரட்டிப்பானது. இதற்கு ஒரு முதன்மைக் காரணம் இயற்பியலில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு. மிக மெல்லிய காந்தப் படலங்களை அடுக்கினால், சிறிய காந்தப் புலமும் அவற்றின் மின்தடையைப் பெரிதும் மாற்றும் என்பதை 1988இல் பிரான்சின் ஆல்பெர் ஃபெர்ட்டும் ஜெர்மனியின் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். 1997இல் அவ்விளைவைப் பயன்படுத்தும் படிமுனையுடன் ஐபிஎம் வன்தட்டு கடைக்கு வந்தது. ஆய்வகத்திலிருந்து கடைக்கு ஒன்பதே ஆண்டுகள். 2007ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. ஹிட்டாச்சி நிறுவனத்தின் ஒரு டெராபைட் வன்தட்டு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

எல்லா எண்ணங்களும் அவ்வளவு விரைவில் கனியவில்லை. பிட்டுகளைத் தட்டின்மீது படுக்க வைப்பதை விட்டுச் செங்குத்தாக நிறுத்தினால் நெருக்கமாக எழுதலாம் என்று ஜப்பானின் ஷுனிச்சி இவாசாக்கி 1970களில் காட்டினார். அம்முறையில் அமைந்த வன்தட்டை தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்தது 2005இல்.

வேகம் தொடரும் என்றே பலரும் நம்பினர். சீகேட்டின் ஆய்வுத் தலைவராயிருந்த மார்க் க்ரைடர் 2009இல் இணைந்து எழுதிய கட்டுரையொன்றில், ஆண்டுக்கு 40 விழுக்காடு வளர்ச்சி நீடித்தால் 2020இல் இரண்டரை அங்குல வன்தட்டு 14 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும், விலை ஏறத்தாழ 40 அமெரிக்க டாலராக இருக்கும் என்று கணித்தார். 2020 வந்தபோது அந்த அளவில் கிடைத்த மிகப் பெரிய கொள்ளளவு 5 டெராபைட்தான். 2010க்குப் பின் வளர்ச்சி ஆண்டுக்கு 15 விழுக்காட்டளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கியிருந்தது. இரட்டிப்பாக ஒன்றரை ஆண்டு போதுமானதாயிருந்த நிலை மாறி, ஐந்து ஆண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

காரணம் இயற்கை விதித்த எல்லை. ஒரு பிட் என்பது காந்தத் துகள்கள் பலவற்றின் கூட்டம். நெருக்கி எழுத வேண்டுமானால் துகள் சிறிதாக வேண்டும். மிகச் சிறிதானால் அறையின் வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். எழுதியது தானே அழியும். புரளாத வலிய பொருளால் துகளைச் செய்தால் முனையால் எழுத முடியாது. எழுதும் கணத்தில் மட்டும் லேசரால் அப்புள்ளியைச் சூடாக்கி, இளகியபோது எழுதி, உடனே ஆறவிடுவதே இதற்குக் கண்ட வழி. ஆய்வகங்களில் பல்லாண்டு முயன்ற பிறகு, 2024 சனவரியில் 30 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் வன்தட்டுகளை இம்முறையில் சீகேட் அறிவித்தது. எழுதிக் காட்டுவது ஒரு சிக்கல். ஆண்டுக்கணக்கில் அந்த வெப்பத்தைத் தாங்கி, முனை கெடாமல் எழுதிக்கொண்டிருப்பது அதனினும் பெரிய சிக்கல்.

நம் கைகள் செய்த பொருள்

இது நமக்குத் தொலைநாட்டுக் கதையன்று. 1982இல் சீகேட் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் வந்தன. 1990களில் உலகின் வன்தட்டுகளில் கிட்டத்தட்டப் பாதி சிங்கப்பூரில் பொருத்தப்பட்டது. பினாங்கில் தட்டுகளும் முனைகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. நம் மாணவர்கள் பலரின் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் தூய்மையறை உடையணிந்து, உருப்பெருக்கியின் கீழ் அவ்வுறுப்புகளைப் பொருத்திய தலைமுறையினர். பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நடத்திய வன்தட்டு ஆலை 2019இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் பொருத்தும் பணி குறைந்து, வடிவமைப்பும் ஆய்வும் நிலைத்தன.

பத்து இலட்சம் மணி நேரத்தின் பொருள்

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். பத்து இலட்சம் மணி நேரம் என்பது ஏறத்தாழ 114 ஆண்டு. வன்தட்டே தோன்றி அத்தனை ஆண்டு ஆகவில்லை. அவ்வாறிருக்க, இந்த எண் எப்படிக் கிடைத்தது?

ஓர் எளிய எடுத்துக்காட்டு: இருபத்தைந்து வயதுடைய ஆயிரம் பேரை ஓராண்டு கவனிக்கிறோம்; அவர்களுள் ஒருவர் இறக்கிறார் என்று கொள்வோம். ஆயிரம் மனித ஆண்டுகளுக்கு ஓர் இறப்பு. இதைக் கொண்டு, 'இறப்புகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் ஆயிரம் ஆண்டு' என்று எழுதினால் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர்களுள் எவரும் ஆயிரம் ஆண்டு வாழப்போவதில்லை.

வன்தட்டுக்கும் இதே கணக்குதான். ஆயிரம் தட்டுகளை ஆயிரம் மணி நேரம், அதாவது ஆறு வாரம், ஓட்டுகிறார்கள். ஒன்று பழுதானால் சராசரிக் காலம் பத்து இலட்சம் மணி நேரம். விரைவில் விடை காண வேண்டிச் சூட்டை உயர்த்தி ஓட்டுவதும் உண்டு. ஆக, அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. தட்டுகள் முதுமையடையாத இளம் பருவத்தில் எடுத்தது. அதைத் திருப்பிப் படித்தால், நூறு தட்டுகளில் ஆண்டுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 0.88 விழுக்காடு, பழுதாகலாம் என்பதே பொருள். எந்த ஒன்று என்பதை அது சொல்லாது.

அந்த 0.88 விழுக்காடாவது உண்மையா என்பதை 2007இல் இரண்டு ஆய்வுகள் ஒரே மாநாட்டில் சோதித்துக் காட்டின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஓர் இலட்சம் தட்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஆண்டுதோறும் மாற்றப்பட்டவை பல இடங்களில் 2 முதல் 4 விழுக்காடு. சில இடங்களில் 13 விழுக்காடுவரை. முதலாண்டைத் தாண்டிய தட்டு நெடுநாள் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையையும் அவர்களின் கணக்கு தளர்த்தியது. வயது ஏற ஏறப் பழுதும் ஏறியது. கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் தம்மிடமிருந்த ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்தனர். தன் உடல்நிலையைத் தானே கண்காணித்து எச்சரிக்கும் வசதி வன்தட்டுகளில் உண்டு. பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, அவ்வசதியின் முதன்மையான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே பழுதாயின என்று அவர்கள் கண்டனர். 'டிக், டிக்' ஒலி கேட்பதற்கு முன் ஆசிரியருக்கு எந்த எச்சரிக்கையும் வராததில் வியப்பில்லை.

வளர்ச்சியின் வேகம் மறைப்பது

பட்டறிவில்லாமல் நம்பகத்தை அறிய இயலாது. பட்டறிவுக்கு ஆண்டுகள் வேண்டும். ஐந்தாண்டு உழைக்குமா என்று உறுதியாகச் சொல்ல ஐந்தாண்டு பொறுத்திருக்க வேண்டும். ஆனால், அதற்குள் அந்த வகைத் தட்டே கடையில் இராது. அதைவிடக் கொள்ளளவு மிகுந்த, வேறு பொருளால், வேறு முறையில் செய்த புதியது வந்திருக்கும். ஆகவே, நம்பகமானது என்று மெய்ப்பிக்கப்பட்ட தட்டை நம்மால் வாங்க முடியாது. வாங்கக் கிடைக்கும் தட்டு இன்னும் மெய்ப்பிக்கப்படாதது.

வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டில் ஐபிஎம் வெளியிட்ட 'டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி' வேகத்திற்குப் பெயர் பெற்றது. கண்ணாடித் தட்டுகளைக் கொண்டது. மறு ஆண்டே, அது அளவுமீறிப் பழுதாகிறது என்று பயனர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். வன்தட்டை உலகிற்கு அளித்த நிறுவனமே ஆயினும், புதிய பொருளின் பண்பு பயனர் கையில்தான் வெளிப்பட்டது.

வளர்ச்சி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் நிகழவில்லை என்பதும் கருதத்தக்கது. முதல் வன்தட்டு நொடிக்கு 8,800 எழுத்துகளைப் படித்தது. படிக்கும் வேகத்தை மட்டும் கணக்கிட்டால், முழுத் தட்டையும் பத்து நிமிடத்திற்குள் படித்து முடிக்கலாம். இன்றைய 20 டெராபைட் தட்டை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் இருபத்திரண்டு மணி நேரமாகும். வேகம் பல்லாயிரம் மடங்கு கூடியது; கொள்ளளவு பல இலட்சம் மடங்கு கூடியது. ஆதலால் ஒரு தட்டைப் படியெடுப்பது முன்னினும் நெடிய வேலையாகிவிட்டது.

படிப்பதில் நேரும் பிழைக்கும் இது பொருந்தும். வீட்டுப் பயன்பாட்டுத் தட்டுகள் பலவற்றின் விவரத்தாள், நூறு இலட்சம் கோடி பிட்டுகளைப் படித்தால் மீட்க இயலாத பிழை ஒன்றுக்கு மேல் நேராது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. தட்டு ஒரு கிகாபைட்டாக இருந்த காலத்தில் அது எட்டாத தொலைவு. அத்தனை பிட்டுகள் பன்னிரண்டரை டெராபைட்டுக்குச் சமம். இன்று ஒரே தட்டை ஒருமுறை முழுவதும் படித்தால் அந்த எல்லை வந்துவிடும். உண்மையில் பல தட்டுகள் இதனினும் நன்றாகவே உழைக்கின்றன. ஆயினும், தட்டின் நம்பகம் குறையாமல் இருந்தாலும் அதில் நாம் ஏற்றி வைக்கும் சுமை கூடிக்கொண்டே போகிறது என்பது தெளிவு. பத்துத் தட்டுகளில் பிரிந்து கிடந்தவை ஒன்றில் சேர்ந்தால், ஒரு பழுதில் இழப்பதும் பத்து மடங்காகிறது.

ஏடு பெயர்த்து எழுதிய மரபு

அவ்வாறாயின் எதை நம்புவது? பெரிய தரவு மையங்கள் இதற்கு விடை கண்டுள்ளன. மலிவான தட்டுகள் பலவற்றில் தரவைப் பகிர்ந்து, ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலிருந்து மீட்கும் முறையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் விளக்கினர். முன்னர்க் குறித்த கார்த் கிப்சனே இவர்களுள் ஒருவர். அங்கே தட்டு கெடும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு தட்டின் பழுது அங்கே அன்றாட அலுவல்.

இது தமிழர்க்குப் புதிய எண்ணமன்று. பனையோலை நம் தட்பவெப்பத்தில் நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதை அரிக்கும். அதனால்தான் ஏட்டைப் பெயர்த்து எழுதுவதை ஒரு கடமையாகவே நம் முன்னோர் கொண்டிருந்தனர். உ. வே. சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து திரட்டிய படிகளை ஒப்பிட்டே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். காலத்தைக் கடந்து வந்தவை, ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாக இருந்த நூல்களே. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் ஓலையோடு மறைந்தன.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 1.5 விழுக்காடு என்று கொள்வோம். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஒரு தட்டு இருப்பின், ஐந்தாண்டில் ஏறத்தாழ மூவர் இழப்பைச் சந்திப்பர். ஒவ்வொருவரும் இரண்டு தட்டுகளில் படி வைத்து, ஒன்று கெட்ட ஒரு வாரத்திற்குள் புதிய படியை எடுத்துவிட்டால், இரண்டையும் ஒருசேர இழக்கும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்து இலட்சத்தில் பத்துக்கும் குறைவாகிறது. அதே தட்டுதான், தரம் மாறவில்லை. ஆனால் இக்கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒரே பையிலோ ஒரே அறையிலோ இருந்தால், ஒரு திருட்டோ தீயோ வெள்ளமோ இரண்டையும் கொண்டுபோய்விடும். ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைத் தட்டுகளும் ஒரே குறையைப் பகிர்ந்திருக்கக்கூடும்.

ஆதலால் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் பொருந்தும் நடைமுறை இது: அரிய பதிவு எதுவாயினும் மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறு ஊரிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, விடுமுறைத் தொடக்கத்தில், ஒவ்வொரு படியையும் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படி இருக்கிறதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. ஐந்தாண்டைக் கடந்த தட்டிலிருந்து புதியதற்கு மாற்றிவிட வேண்டும். சுழலும் உறுப்பற்ற திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கும் பழுது உண்டு. மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அவற்றில் எழுதியது மங்கவும் கூடும். ஆகவே அவையும் இவ்விதிக்கு விலக்கல்ல. பள்ளி விழாப் பதிவுகள், மாணவர் இதழ்கள், பழைய ஆசிரியர்களின் குறிப்புகள் ஆகியவற்றுக்கு இப்பணியைச் செய்ய ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குவது நன்று. எல்லாருக்கும் பொதுவான வேலை எவரும் செய்யாத வேலையாகிவிடும்.

அந்த ஆசிரியரின் பதிவுகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம் பாட்டியின் தாலாட்டு வேண்டும் என்று முன்பு கேட்டு வாங்கிச் சென்ற முன்னாள் மாணவி ஒருவரிடம் பதினொரு பாடல்கள் இருந்தன. அவை எஞ்சியது வன்தட்டின் தரத்தால் அன்று. ஒருத்தி விரும்பிக் கேட்டதால், ஆசிரியர் ஒரு படி எடுத்துக் கொடுத்ததால். இப்போது அப்பாடல்கள் நான்கு இடங்களில் உள்ளன. ஒன்று நம்மிடம் இருக்கிறது.